பதினோராவது காய்

"என்னங்க, உங்க தம்பி இன்னைக்காவது ஒரு பெரிய காயா வைப்பார்னு பார்த்தா, மறுபடியும் ஒரு சிப்பாய்!" மனைவி செல்போனை நீட்டினாள்.

பொறியாளர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

குடும்பக் குழுவில் தம்பி ஆரம்பித்து வைத்த விளையாட்டு இது. தினமும் காலையில் அவன் ஒரு சதுரங்கப் பலகையின் படம் அனுப்புவான். படத்தில் நாளுக்கு ஒரு காய் கூடும். மொத்தம் பதினோரு காய். 'ஜெயிக்கப் போறது வெள்ளையா, கறுப்பா? எப்படி? முதல்ல சொல்றவங்களுக்கு என் கையால செஞ்ச பூட்டு' என்று அறிவித்திருந்தான். பூட்டுக் கடைக்காரன் வேறென்ன பரிசு கொடுப்பான்? மூன்றாவது காய் விழுவதற்குள் குழுவில் ஆளாளுக்கு அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாத மருமகன்கூட நாலு தடவை பதில் சொல்லி நாலு தடவையும் அசடு வழிந்தாயிற்று.

"சின்ன வயசுல நீங்க ரெண்டு பேரும் பலகையும் கையுமாவே இருப்பீங்கன்னு அத்தை சொல்வாங்க. நீங்க மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க?"

"தெரியலை. விடேன்."

"சரி, கல்யாணத்துக்கு டிக்கெட்டாவது எடுங்க. ஒரே தம்பி, அவருக்கு ஒரே பொண்ணு. இதுக்கும் போகலைன்னா நல்லாவா இருக்கும்?"

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு என்ன விசேஷம்?"

நாளைக்குப் பதினோராவது காய். அதை அவளிடம் எப்படிச் சொல்வார்?

ஐந்தாம் நாளே அவருக்குப் புரிந்துவிட்டது. அது புதிர் இல்லை. நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அவரும் தம்பியும் ஆடிய கடைசி ஆட்டம்.

அப்பா கை கால் விழுந்து படுத்த வருடம் அது. இரண்டு பேரில் ஒருவனை அழைத்துப் போய்ப் படிக்க வைக்கிறேன் என்றார் மாமா. மற்றவன் கடையையும் அப்பாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "ஒரு ஆட்டம் போடுவோம்டா. ஜெயிச்சவன் போகட்டும்" என்று சொன்னது அண்ணன்தான். ஆனால் ஆட ஆடத் தம்பியின் கை ஓங்கிக்கொண்டே போனது. அடி வரிசையில் நின்ற அவருடைய யானை அடுத்ததாக வெட்டுப்படும், அதோடு கதை முடியும் என்ற கட்டத்தில், உள்ளேயிருந்து அப்பா தண்ணீர் கேட்டார். தம்பி எழுந்து போனான்.

அவன் திரும்பி வருவதற்குள் யானையை ஆறு கட்டம் மேலே தள்ளிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். தம்பி வந்தான். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஆட வேண்டியது அவன்தான். ஆடாமல் தன் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு, "நீ போய்ட்டு வாண்ணா" என்றான்.

அவர் போனார், படித்தார், பாலங்கள் கட்டினார். அப்பாவைப் பதினாறு வருடம் தூக்கி உட்கார வைத்தவன் தம்பி. அதற்குப் பிறகு அவர் ஒரு காயைக்கூடத் தொட்டதில்லை. தம்பி வீட்டில் ஒரு வேளைக்கு மேல் தங்கியதும் இல்லை. அவன் கண்ணைப் பார்த்துப் பேசும் தைரியம் அவருக்கு இன்றுவரை வரவில்லை.

இப்போது பத்துக் காய்களும் அதனதன் இடத்தில் வந்து நின்றுவிட்டன. அவருடைய யானை மட்டும்தான் பாக்கி. அது அடி வரிசையில் வந்தால் தம்பிக்குத் திருட்டுத்தனம் தெரியும் என்று அர்த்தம். எந்த முகத்தோடு கல்யாணத்துக்குப் போவது? மேலே வந்தால், பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலையில் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "வந்துடுச்சுங்க! வெள்ளை யானை."

"எங்கே? மேலேயா, கீழேயா?"

"மேலேதான். ரெண்டாவது வரிசையில."

செல்போனைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் தள்ளி வைத்த அதே கட்டம். நாற்பத்திரண்டு வருடப் பாரம் இறங்கியது போல ஒரு பெருமூச்சு வந்தது.

"டிக்கெட் போட்டுடு. ரெண்டு நாள் முன்னாடியே போயிடலாம்."

"அடேங்கப்பா! இன்னைக்கு மழை கொட்டப் போகுது."

முதல் தடவையாக அவரும் குழுவில் எழுதினார்: 'வெள்ளைதான்டா ஜெயிக்கும். கறுப்பு ராஜாவுக்குத் தப்பிக்க வழியில்லை.'

உடனே தம்பியின் பதில் வந்தது: 'இப்ப ஆட வேண்டியது கறுப்புண்ணா. வெள்ளையோட அடி வரிசையைப் பாரு.'

பார்த்தார். யானை கிளம்பிப் போன அடி வரிசை காலியாகக் கிடந்தது. வெள்ளை ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொண்டு நின்றது. கறுப்பு யானை நேராக அந்த வரிசைக்கு இறங்கினால் போதும், ஒரே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. மனைவி செல்போனை வாங்கிக்கொண்டு, அடுத்தடுத்து வந்து விழுந்ததையெல்லாம் வாசித்தாள்.

"நம்ம பொண்ணு கேக்கறா: 'காவலுக்கு நின்ன யானையை யாராவது அப்படி விட்டுட்டுப் போவாங்களா சித்தப்பா?' அதுக்கு உங்க தம்பி, 'அவசரம்மா, பாவம்'னு போட்டிருக்கார். 'அப்போ இது நிஜ ஆட்டமா? நீங்க கறுப்பா? ஜெயிச்சீங்களா?'ன்னு மறுபடியும் கேக்கறா."

"அவன் என்ன சொல்றான்?"

"இருங்க, எழுதிட்டிருக்கார். ஆங், வந்துடுச்சு: 'கறுப்புதான். ஆனா தெரிஞ்சேதான் தோத்தேன்மா. எதிர்ல உட்கார்ந்திருந்தவன் முந்தின நாளே பெட்டியைக் கட்டி, கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தான்.'"