கிழட்டு அரசன் சாகும் காட்சி
கெய்ரோவின் மாலை வெயில் கணினித் திரையில் பாதியை மறைத்துக் கிடக்கிறது. அப்பாவை அடக்கம் செய்த பிறகு நெர்மின் இன்றுதான் வேலைக்கு வந்திருக்கிறாள். வீடியோ விளையாட்டில் கிழட்டு அரசன் சாகும் காட்சிக்கு அவன் உடல் சிதறும் துகள்களை அவள் அமைக்க வேண்டும். திரையில் அரசன் பொடிப்பொடியாகச் சிதறிச் சாம்பலாகத் தரையில் கொட்டுகிறான். உடனே முழுசாக எழுந்து மறுபடியும் சிதறுகிறான். சரிபார்க்க வசதியாக, மென்பொருள் அதை ஓயாமல் திருப்பிக் காட்டுகிறது. தெருவில் ஹாரன்கள் அலறுகின்றன. அவள் மென்பொருளில் புவியீர்ப்பின் அளவைக் குறைக்கிறாள். சாம்பல் விழாமல் அந்தரத்தில் நிற்கிறது. புதினா டீ கொண்டுவந்த பக்கத்து மேசை வக்தி எட்டிப் பார்த்து, "உன் கிழவனுக்குப் போறதுக்கு மனசே இல்ல போலிருக்கே!" என்று சிரிக்கிறான், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்கிறான். "நீ வீட்டுக்குப் போ நெர்மின், நான் பாத்துக்கிறேன்." அவள் திரும்பவில்லை. "வேணாம் வக்தி, நானே முடிச்சிடுறேன்." காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் சிறு கட்டத்திலிருந்த டிக் குறியை எடுக்கிறாள். அரசன் சிதறுகிறான். துகள்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. மவுஸின் மேல் அவள் விரல் அசையாமல் காத்திருக்கிறது. இந்த முறை அவன் எழுந்து வரவில்லை.