பலகையில் ஒரு காலி இடம்

டூல் ரூம் பலகையில், இறக்கை வேலைக்கான கருவிகள் வரிசையில், ஒரு ஸ்பேனரைக் காணவில்லை. அது தொங்க வேண்டிய இடத்தில் அதன் கறுப்பு உருவம் மட்டும் பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

விமானம் கட்டும் இடத்தில் இது சில்லறை விஷயம் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைப் பலகையில் பெயிண்டால் வரைந்து வைத்திருப்பார்கள். உருவம் வெறுமனே தெரிந்தால் கருவி விமானத்துக்குள் எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். கிடைக்கிற வரைக்கும் விமானம் ஓர் அடி நகரக்கூடாது. பலகை சொன்னால் சாமியே சொன்ன மாதிரி.

அன்று மத்தியானம் விமானத்தை ஒப்படைத்தாக வேண்டும். வாங்குகிற கம்பெனியின் இன்ஜினியர் ஷெட் வாசலுக்கே வந்துவிட்டார். மேனேஜர் டூல் ரூமுக்குள் சூறாவளி மாதிரி நுழைந்தார்.

"யோவ் கண்கொத்தி, ஒரு ஸ்பேனருக்காக ஏரோப்ளேனை நிறுத்துவியா? கடையில ஒண்ணு வாங்கி மாட்டித் தொலைய்யா."

"மாட்டலாம் சார். உள்ள கிடக்கிறது தானா எழுந்து வந்துடுமா?"

கண்கொத்தி என்பது ஆட்கள் வைத்த பெயர். போன வாரம் வரைக்கும் அவர் இறக்கைகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். இதே விமானத்தின் இடது இறக்கைக்குள், வீட்டுக்கு உத்தரம் மாதிரி பாரம் தாங்குகிற சட்டத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசலைப் பார்த்தார். முத்திரை குத்த மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

மேனேஜர் முதலில் தோளில் கைபோட்டுச் சிரித்துப் பேசினார். மேலே இருப்பவன் தோளில் கைபோட்டால் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுநாளே முத்திரையைப் பிடுங்கி, தலையாட்டுகிற ஒருவனிடம் கொடுத்தார். அவனும் குத்தினான்.

டூல் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய ஆளைச் செலவு மிச்சம் என்று முன்பே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த நாற்காலியில் கண்கொத்தியை உட்கார வைத்தார்கள். வாங்க வருகிறவர்களிடம் வாயைத் திறந்தால் எந்த ஷெட்டிலும் உனக்கு வேலை இருக்காது என்று எச்சரிக்கை வேறு.

இறக்கையைக் கடைசியாக மூடியது யார் என்று மேனேஜர் கேட்டார்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர்தான் சார். நேத்து சாயங்காலம் இடது இறக்கையை மூடினார்."

சொந்த மாப்பிள்ளையையே காட்டிக் கொடுப்பான் என்று மேனேஜரே எதிர்பார்க்கவில்லை. அந்த மாப்பிள்ளை, ஃபிட்டர், எண்ணெய்க் கையோடு ஓடிவந்தார்.

"என்ன மச்சான், பொண்ணைக் கொடுத்த வீட்டுக்கே குழி வெட்டுறீங்களா? அந்த ஸ்பேனரை நான் கண்ணால பார்த்ததுகூட இல்ல."

யாரும் நம்பவில்லை. கருவியைத் தொலைத்தவன் எவனும் இதைத்தான் சொல்வான்.

மேனேஜருக்குக் கண்கொத்தி மேலேயே சந்தேகம் வந்தது. பையைப் பிடுங்கி மேஜையில் கொட்டினார். சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடிக் கூடு, ஒரு துண்டு. அலமாரியையும் குடைந்தார்கள். அழுக்குச் சட்டைதான் கிடைத்தது.

சத்தம் கேட்டு வாங்க வந்த இன்ஜினியரே உள்ளே வந்துவிட்டார். பலகையைப் பார்த்தார். இறக்கையைத் திறங்கள் என்றார்.

மேனேஜர் காபி சாப்பிடலாம் என்றார். ஸ்பேனர் வேறு ஷெட்டுக்குப் போயிருக்கும் என்றார். பிள்ளை மேல் சத்தியம் என்றுகூடச் சொன்னார். அவர் பிள்ளை அந்த விமானத்தில் ஏறப் போவதில்லை, சத்தியம் செய்ய என்ன கஷ்டம்?

"பலகை காலியா இருக்கு சார். திறங்க," என்றார் இன்ஜினியர்.

திருகாணிகளைக் கழற்றி இறக்கையின் மூடியை எடுத்தார்கள். இன்ஜினியர் டார்ச்சோடு உள்ளே தலையை விட்டார். வெகுநேரம் தலை வெளியே வரவில்லை. வந்தபோது கையில் ஸ்பேனர் இல்லை. டார்ச்சை மேனேஜரிடம் நீட்டினார்.

"நீங்களே பாருங்க. விரல் வச்சுப் பார்த்தாலே தட்டுப்படுது."

மேனேஜர் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியுமே. இன்ஜினியர் அங்கேயே போனில் பேசினார். இந்த விமானத்தை எடுக்கப் போவதில்லை, இங்கே கட்டிய மற்ற இறக்கைகளையும் திறந்து காட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடிபட்ட பாம்புக்கு எதிரில் இருப்பவன் கால்தான் தெரியும். மேனேஜர் ஃபிட்டரின் சட்டையைப் பிடித்தார். கருவியைத் தொலைத்து விமானத்துக்கு ஆபத்து உண்டாக்கினான் என்று வேலையை விட்டுத் தூக்கப் போவதாகச் சொன்னார். போலீசிலும் பிடித்துக் கொடுப்பாராம்.

ஃபிட்டர் அவரிடம் கெஞ்சவில்லை. கண்கொத்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"திருப்திதானே மச்சான்? உங்க தங்கச்சிகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க. என்னால முடியாது."

கண்கொத்தி வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவருடைய நாற்காலியாவது மிஞ்சியிருக்கும். அவர் சட்டையில் குத்தியிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"மாப்பிள்ளையை விடுங்க சார். அப்படி ஒரு ஸ்பேனரே இந்த ஷெட்டுல கிடையாது. படம் மட்டும் நான் வரைஞ்சது."