முதுகு திறந்த கவுன்

“இதைவிடக் கொஞ்சம் வெளிறின ரோஸ் நூல் இருக்காம்மா?”

ஓய்வுபெற்ற தபால்காரர் தாம் தைத்த குட்டிக் கவுனைக் கடை மேசைமேல் விரித்தார். ஓரமெல்லாம் பொடிப் பூக்கள்.

“பேத்தி மேல உங்களுக்கு உசிருதான் சார்,” என்றாள் நூல்கடைக்கார அம்மாள். “வாரம் ஒரு கவுனா?”

“எனக்கும் பொழுது போகணுமே.”

“எங்க வீட்டு ராசாத்திக்கும் நான்தான் தைக்கிறேன். சமத்து. அழவே மாட்டா.”

பேசிக்கொண்டே அவள் கவுனைத் திருப்பினாள். கை அப்படியே நின்றது.

“கழுத்திலேர்ந்து அடி வரைக்கும் முதுகைத் திறந்து விட்டிருக்கீங்களே. பாப்பாவுக்குக் கை மடங்காதா சார்?”

அக்கா தூக்கியெறிந்த பொம்மையைச் சிறுவயதிலேயே எடுத்து, இன்றுவரை ஒளித்து வைத்திருப்பவர் அவர். அதற்கு உடுத்திப் பார்க்கத்தான் ஊசி பிடிக்கவே கற்றுக்கொண்டார். மடங்காத கைக்குச் சட்டை மாட்ட வேறு வழியில்லை. பேத்தி என்று அவருக்கு யாரும் கிடையாது. வாரத்தில் அவர் வாய்விட்டுப் பேசுவதே இந்தக் கடையில்தான். இனி இங்கேயும் எந்த முகத்தோடு வருவது?

கவுனைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பினார்.

“நில்லுங்க சார்.”

அம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. மேசைக்கு அடியிலிருந்து, பாதி தைத்த நீலக் கவுன் ஒன்றை எடுத்து அவர் முன்னால் குப்புற விரித்தாள். அதன் முதுகும் கழுத்திலிருந்து அடிவரை திறந்திருந்தது.

“எங்க ராசாத்திக்கும் மடங்காது சார்,” என்றாள்.