பறந்து பழகியவர்

இத்தனை வருஷமாகப் பறக்கிற மனுஷனுக்கு, தன் பெல்ட் எதுவென்று தெரியாதா?

அவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கணவர் தன் இருக்கையின் பெல்ட்டில் ஒரு பாதியையும், அவள் இருக்கையிலிருந்து மறு பாதியையும் இழுத்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இது அம்மாவோடது," என்று குனிந்த விமானப் பணிப்பெண், இருவருக்கும் சட்டென்று மாட்டிவிட்டுப் போனாள்.

"புது மாடல் போல இருக்கு," என்றார் அவர்.

"இருக்கும். போன மாசம்தானே வந்தீங்க, அதுக்குள்ள மாத்திட்டாங்க."

மகள் தன்னிடம் வரச் சொல்லி டிக்கெட் அனுப்பிய நாளிலிருந்து வீட்டில் அவருடைய பாடம்தான். காபி தொடாதே. தண்ணீரை மிடறு மிடறாகக் குடி. காது அடைத்தால் எச்சிலை விழுங்கு. கணுக்காலைச் சுழற்றிக்கொண்டே இரு, இல்லாவிட்டால் ரத்தம் கட்டிக்கொள்ளும். படபடப்பு வந்தால் மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடு.

பம்ப் கம்பெனியில் விற்பனை மேலாளர். மாதத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்துக்குப் பறந்துபோய், மூன்றாம் நாள் காலையில் திரும்புகிறவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் கம்பளிக் காலுறை வரை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

இப்போது பணிப்பெண் நடைபாதையில் நின்று பாதுகாப்பு முறைகளைச் செய்து காட்டினாள். பக்கத்து வரிசைக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். இவர் மட்டும் நாளைக்குப் பரீட்சை இருப்பதுபோலக் கண்கொட்டாமல் பார்த்தார்.

விமானம் ஓடத் தொடங்கியது. அவர் விரல்கள் கைப்பிடியை இறுக்கின.

"இவ்வளவு வேகமாவா போவான்?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே பழம் தின்னு கொட்டை போட்டவர்."

மேலே ஏறிய பிறகு விளக்கைப் போடுகிறேன் என்று ஏதோ பொத்தானை அழுத்தினார். பணிப்பெண் வந்து நின்றாள். மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தாள். மூன்றாவது முறை அவள் புன்னகை கொஞ்சம் சுருங்கியிருந்தது. கழிவறைக்குப் போனவர், தள்ள வேண்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, அவசரமில்லை என்பதுபோல் திரும்பி வந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

இவர் பிளேனே ஏறியதில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. பயணம் முடிந்து வரும் அவருடைய முகம் நினைவுக்கு வந்தது. அலைந்துவிட்டு வந்தவர் முகம்போலவே இருக்காது. நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தை முகம். செருப்பைக் கழற்றும்போதே அவள் சேர்த்துவைத்த வீட்டுக் கதை முழுவதையும் கொட்டுவாள். அன்றைக்கு மட்டும் அவர் பொறுமையாகக் கேட்பார், சிரிப்பார்கூட. எத்தனை பேரிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்!

அப்படி முகம் தெளியும்படி எங்கே போய்விட்டு வந்தார்? யாரிடம்?

"என்னங்க, இதுக்கு முன்னாடி நீங்க பிளேன்ல ஏறியிருக்கீங்களா?"

"இதென்ன கேள்வி?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்ல," என்றார்.

"அப்போ வீட்டுல எடுத்த கிளாஸெல்லாம்?"

"பத்திரிகையில படிச்சது. எனக்குப் பிளேன்னாலே பயம். ரயில்லதான் போயிட்டு வந்தேன். சொன்னா நீயும் உன் பொண்ணும் சேர்ந்து ஓட்டுவீங்களேன்னுதான்..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம் மனுஷன்! நெஞ்சில் ஏறியிருந்த பாறாங்கல் இறங்கியது. கைக்குட்டையை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"உங்க தம்பி ஒருதடவை உங்க ஹெட் ஆபீஸ் இருக்கிற ஊருக்கு ரயில்லதான் போனார். போய்ச் சேரவே ரெண்டு ராத்திரி ஆச்சுன்னு புலம்பினார். நீங்க எப்படி மூணாம் நாள் காலையிலயே வீட்டுல இருந்தீங்க?"

அவர் முன்னிருக்கைப் பையிலிருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்து விரித்தார்.

"யாரு அவ?"

"யாரு எவ?"

"பேரெல்லாம் எனக்கு வேண்டாம். எந்த ஊருன்னு மட்டும் சொல்லிடுங்க."

"மெதுவாப் பேசு. பக்கத்துல ஆளுங்க இருக்காங்க."

"மெதுவாத்தான் கேட்கறேன். எந்த ஊரு?"

"நம்ம ஊருதான்." அவர் அட்டையைத் திருப்பிச் செருகினார். "லீவு போட்டுட்டுப் போவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு லாட்ஜ்."

இத்தனை வருஷம் அவருக்குச் சட்டை தேய்த்து, பெட்டி அடுக்கி, வாசல்வரை வந்து கையாட்டி வழியனுப்பியவள் அவள்தான்.

"அங்க யாரு இருப்பா?"

திடீரென்று விமானம் தூக்கிப் போட்டது. யாரோ வீறிட்டார்கள். அவர் கை காற்றில் துழாவி அவள் பக்கம் வந்தது.

"ஐயோ... என்னால முடியல. கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்."

"யாரு இருப்பான்னு கேட்டேன்."

"யாருமே இருக்க மாட்டாங்க. பொண்ணு மேல சத்தியமா யாருமே இல்ல! கதவைச் சாத்திட்டு, யார் பேச்சும் காதுல விழாம ரெண்டு நாள் சும்மா படுத்திருப்பேன். அதுக்காகத்தான் போவேன்."

அவள் தன் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "நீங்க தனியாவே இருந்துக்கோங்க."