வெள்ளிக்கிழமைப் பொங்கல்

குறி சொல்லும் அங்கம்மா தன் சட்டியின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

வாசல் படலையடியில் சர்க்கரைப் பொங்கலோடு நின்ற மகாதேவிக்குத் திக்கென்றது. ஆடி பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் வாங்கிய கை அது. நெய் போதாதோ என்று உள்ளே ஓடிப்போய் இன்னும் ஒரு கரண்டி விட்டுக்கொண்டு வந்தாள்.

அப்போதும் கை எடுபடவில்லை.

மகாதேவிக்கு அது சும்மா பொங்கல் இல்லை. அவள் புருஷன், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஆழ்வாப்பிள்ளைக்குச் சலரோகம், சிறுநீரில் சீனி போகும் நோய். இனிப்பால் வந்த வருத்தத்தை இனிப்போடு சேர்த்தே கொடுத்தனுப்பிவிட வேண்டும் என்பது அவள் சொந்தமாகக் கண்டுபிடித்த வைத்தியம். ஊர்க்காரருக்குக் கொடுத்தால் வருத்தம் ஊருக்குள்ளேயே சுற்றும். மருதனார்மடத்துக்கு அப்பால் வெறுங்காணியில் கூடாரம் போட்டிருக்கும் குறவர் என்றால் இன்றோ நாளையோ போய்விடுவார்கள். வருத்தமும் கூடவே போகும்.

போகத்தான் செய்தது. முன்பு ஆஸ்பத்திரியில் மருந்து விட்டுக் காய்ச்சிப் பார்த்தால் செங்கல் நிறம் காட்டிய ஆழ்வாப்பிள்ளையின் சலம் இப்போது சீனியில்லாமல் நீலமாக நிற்கிறதாம். பொங்கல் முழுவதும் படலை தாண்டுவதால் அந்த மனிதருக்கு அடிச்சட்டிகூடக் கிடைப்பதில்லை என்பதை மகாதேவி யோசிக்கவில்லை. பெருமையாக ஊரெல்லாம் சொன்னாள். சீனிக்குக் கியூவில் நின்ற அந்த வருடத்திலும் சலரோகக்கார வீடுகளில் எல்லாம் வெள்ளிக்கிழமைப் பானை ஏறியது. எல்லாம் அங்கம்மாவின் சட்டிக்குத்தான் வந்தது.

இன்று மட்டும் ஏன் வேண்டாம் என்கிறாள்? மகாதேவி கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

அங்கம்மா சேலையைச் சற்றுத் தூக்கிக் காலைக் காட்டினாள். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. புண் ஆறவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். அவளுடைய சலத்தையும் காய்ச்சினார்களாம். செங்கல் நிறமாம். மருந்துக்குக் கிழமைக்குக் கிழமை வரச் சொன்னார்களாம். கூடாரத்தையோ நாளைக்கே பிரிக்கிறார்கள்.

“பொங்கல் வேண்டாம் அம்மா. ஐயாவின்ரை குளிசையிலை கொஞ்சம் தாங்கோ.”

மகாதேவிக்குப் பாவமாக இருந்தது. அங்கம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது. உள்ளே அலுமாரியில் புருஷனின் மருந்துக் குளிசைப் போத்தல் நிறையத்தான் இருந்தது.

ஆனால் பொங்கலோடு வருத்தம் போனது என்றால், குளிசையோடு அவருடைய சுகமும் போய்விடாதா?

படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள்.