விராலி இலைச் சாறு

கடைசிச் சோதனைக் குழாயிலும் சாற்றை விட்டுவிட்டு அவள் அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

இனி அரை மணி நேரம் இருட்டில் இருக்க வேண்டும்.

குழாய்களில் உள்ள கரைசல் அடர் ஊதா. இலையில் சத்து இருந்தால் அந்த ஊதா வெளுத்து மஞ்சளாகும். செல்கள் அரிபடாமல் காக்கும் சத்து. இல்லாவிட்டால் ஊதா ஊதாவாகவே நிற்கும்.

இதுவரை அப்படித்தான் நின்றிருக்கிறது.

ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. குற்றாலத்தில் சாரல் என்று துறையே வேன் பிடித்துப் போயிருந்தது. அவளையும் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட விதத்திலேயே வர வேண்டாம் என்பதும் இருந்தது.

இசக்கியம்மாள் இருந்திருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

இருவரும் ஒன்றாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள். மலையடிவாரத்தில் விராலிப் புதரை முதலில் பார்த்தது இசக்கிதான். பிசுபிசுத்த இலையை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தாள்.

"இதுல என்னமோ இருக்குட்டி."

சாக்கு நிறையப் பறித்தார்கள். ஃபேனுக்கு அடியில் செய்தித்தாள் விரித்துக் காய வைத்தார்கள். பொடித்தார்கள், ஊற வைத்தார்கள், வடித்தார்கள், சாற்றைச் சூட்டில் வற்ற வைத்தார்கள்.

ஊதா.

திரும்பவும் செய்தார்கள். ஊதா.

அதற்குள் இசக்கிக்குக் கல்யாணம் முடிவானது. படிக்கட்டும், எங்களுக்கென்ன என்றார்கள் மாப்பிள்ளை வீட்டில். கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு நாள் வந்தாள். வெள்ளைக் கோட்டை எடுத்துப்போகத்தான் வந்தேன் என்றாள். போகும்போது எடுக்கவில்லை.

பிறகு இலையை இவள் தனியாகப் பறித்தாள். வற்ற வைக்கும் சூட்டை மாற்றி மாற்றிப் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைத் தனியாகத் திறந்தாள். சில நாள் மாலையில் விடுதிக்குத் திரும்பும்போதுதான், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது நினைவுக்கு வரும்.

மொபைலில் அலாரம் அடித்தது.

கதவைத் திறந்தாள்.

மஞ்சள்.

சாறு குறைவாக விட்ட குழாயில் மட்டும் கொஞ்சம் ஊதா மிச்சம். மற்றதெல்லாம் தெளிந்த மஞ்சள்.

சத்தமாகச் சிரித்தாள். காலி அறையில் அது யாரோ சிரித்தது போலக் கேட்டது. நிறுத்திக்கொண்டாள்.

பேராசிரியருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. அருவிச் சத்தத்தில் கேட்டிருக்காது.

அம்மாவிடம் சொன்னால், சாப்பிட்டியா என்பாள்.

இசக்கிக்கு வீடியோ கால் போட்டாள். வெகுநேரம் அடித்தது.

எடுத்தபோது இசக்கி அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். ஒரு கையால் அறைக் கதவைச் சாத்தினாள்.

இவள் போனைக் குழாய்களின் பக்கம் திருப்பினாள்.

இசக்கியின் முகம் திரையை நெருங்கி வந்தது. கண்கள் மட்டும் தெரிந்தன.

"ஏளா, உள்ள என்ன செய்த?"

வெளியே மாமியாரின் குரல்.

"ஒருக்க ஆட்டிக் காட்டுட்டி," என்றாள் இசக்கி மெதுவாக.

அவள் ஒரு குழாயை எடுத்து ஆட்டினாள். மஞ்சள் சுழன்று அடங்கியது.

அங்கே கதவு தட்டப்பட்டது. மறுபடியும், இன்னும் பலமாக.

இசக்கி நகர்ந்து முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டாள்.

"சாற வத்த வைக்கையில சூடு எம்புட்டு வச்ச? சொல்லு."