கந்தப்பு ஐயா கேட்ட கேள்விகள்

என் மனைவி குணவதியின் தங்கை அஞ்சலை வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கக்கத்தில் பெரிய புத்தகத்தோடு கந்தப்பு ஐயா எங்கள் வாசலில் நின்றார்.

"தம்பி, வீட்டில புது ஆள் வந்திருக்குப் போல."

எழுபத்தாறாம் வருஷம். பினாங்கில் டத்தோ கிராமாட் ரோட்டுப் பக்கம் எங்கள் சந்து. இப்போது அந்த வீடுகளில் பாதிகூட இல்லை. அப்போது ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்துக் காவல் திட்டம் வந்த புதிது. ஆண்பிள்ளைகள் முறை போட்டுத் தெருக்காவல் போக வேண்டும். வீட்டில் யாராவது வந்து தங்கினால் போலீசுக்குக் காட்டும் புத்தகத்தில் பதிய வேண்டும்.

அதற்குச் செக்ரட்டரி, ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற இந்த யாழ்ப்பாணத்து மனிதர். எங்கள் சந்தில் பூனை குட்டி போட்டாலும் எழுதிவிடுவார் என்று கேலி செய்வோம்.

அஞ்சலை சுங்கை பாக்காப் எஸ்டேட்டிலிருந்து கட்டின புடவையோடு வந்திருந்தாள். குணவதி கொடுத்த தேத்தண்ணி கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

"வாங்க ஐயா, எழுதிக்குங்க," என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தனியவோ வந்தனீர், பிள்ளை? ஆரும் கூட்டிக்கொண்டு வந்தவையோ?"

"தனியாத்தான். பஸ் ஏறி, ஃபெரி ஏறி வந்தேன்."

"கையில என்ன காயம்?"

அஞ்சலை முந்தானையை இழுத்து மூடினாள்.

"ஐயா, இதெல்லாம் எதுக்குங்க?" குணவதிக்கு முகம் சிவந்துவிட்டது. "குடும்ப விஷயம். பொம்பளப் புள்ளைகிட்ட போய்..."

"புத்தக விதி அப்பிடி, பிள்ளை." அவர் அஞ்சலையை விடவில்லை. "ஆர் அடிச்சது? எதால அடிச்சது? திரும்பிப் போக விருப்பமோ?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள். எல்லாவற்றையும் மலாயில் எழுதினார். எழுதியதைத் தமிழில் அவளுக்கு வாசித்தும் காட்டினார்.

"சரியெண்டால் மட்டும் பெருவிரலை வையும். பிழையெண்டால் வைக்க வேண்டாம்."

அவர் படியிறங்கியதும் குணவதி கதவைச் சாத்தினாள்.

"மனுஷனா இவரு? என் தங்கச்சி மானத்தைப் போலீஸ் புத்தகத்துல ஏத்திட்டுப் போறாரு."

எனக்கும் ஆத்திரம்தான். மறுநாள் காப்பிக்கடையில் அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே குடித்தேன். சந்தே அவரோடு பேச்சை நிறுத்தியது. அவர் வழக்கம்போல எல்லாருக்கும் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் காலை அஞ்சலையின் புருஷன் சன்னாசி வந்தான். கூடவே போலீஸ் கார்ப்பரல் நூர் முகம்மது. தன் மனைவியைக் கடத்தி அடைத்து வைத்திருக்கிறோம் என்று எங்கள் மேல் ரிப்போர்ட் கொடுத்திருந்தான்.

நூர் முகம்மது பினாங்கில் பிறந்த தமிழ் முஸ்லிம். தமிழிலேயே கேட்டார்.

"நீயா வந்தியாம்மா? இல்ல, இவங்க கூட்டிட்டு வந்தாங்களா?"

அஞ்சலை புருஷனைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"பாத்தீங்களா? பேசக்கூடாதுன்னு மிரட்டி வச்சிருக்காங்க. என்கூட அனுப்புங்க," என்றான் சன்னாசி.

நாங்கள் சொன்னது எதுவும் எடுபடவில்லை.

"நல்லமுத்து அண்ணே, அடுத்தவன் மனைவியை இழுத்து வச்சா கேஸ் ஆயிடும் லா. ஸ்டேஷனுக்கு வாங்க, பேசிக்கலாம்," என்றார் கார்ப்பரல் என்னிடம்.

நான் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் அவளை அவன் இழுத்துக்கொண்டு போய்விடுவான். அடுத்த தடவை கையோடு நிற்காது.

வேடிக்கை பார்த்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு கந்தப்பு ஐயா வந்தார். புத்தகத்தைத் திறந்து கார்ப்பரலிடம் நீட்டினார்.

நூர் முகம்மது படித்துவிட்டு உரக்கச் சொன்னார்.

"தனியா பஸ்ஸுல வந்தா. யாரும் கூட்டிட்டு வரலை. இடது கையில காயம், புருஷன் விறகுக்கட்டையால அடிச்சதா சொல்றா. திரும்பிப் போக விருப்பம் இல்லை. கீழே கைநாட்டு இருக்கு. உன் விரல்தானாம்மா?"

அஞ்சலை தலையை அசைத்தாள். அது போதுமாக இருந்தது.

"இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. எந்த வீட்டில இருக்க விருப்பமோ அங்க இருக்கலாம்," என்றார் கந்தப்பு ஐயா.

கார்ப்பரல் சன்னாசி பக்கம் திரும்பினார்.

"கட்டையால அடிச்சதுக்கு இந்தம்மா ரிப்போர்ட் கொடுத்தா உள்ள போறது நீதான். கொடுக்கச் சொல்லட்டுமா?"

சன்னாசி அடுத்த ஃபெரிக்கே கிளம்பிவிட்டான்.

சாயங்காலம் ஐயா வீட்டுக்குப் போனேன். வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்குங்க ஐயா. உங்களைத் தப்பா நினைச்சிட்டோம்."

"நான் ஒண்டும் செய்யேல்லை, தம்பி. விதியில உள்ளதைத்தான் எழுதினனான்."

அஞ்சலை எங்களோடேயே தங்கி, பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். மறு வருஷம் கந்தப்பு ஐயா மகளோடு ஈப்போவுக்குக் குடிபோனார். லாரி கிளம்பும்போது சந்தில் அதிகம் அழுதவள் குணவதிதான். அந்த மாதிரி மனிதர்களோடு ஒரே சந்தில் இருந்தோம் என்பது இன்று நினைத்தாலும் நெஞ்சுக்கு இதமாக இருக்கிறது.

செக்ரட்டரி வேலை என் தலையில் விழுந்தது. ஸ்டேஷனில் கார்ப்பரல் நூர் முகம்மதுதான் வேலையைச் சொல்லிக் கொடுத்தார்.

"பேரு, ஐ.சி. அட்டை நம்பர், வந்த தேதி, போற தேதி. அவ்வளவுதான் அண்ணே. அதுக்கு மேல விருந்தாளிகிட்ட ஒரு கேள்வி கேக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது," என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கந்தப்பு ஐயாவுக்கும் இருந்ததில்லை."